நினைவு வைத்திருக்கும் ஃபங்ஷன்கள்

ஒரு ஃபங்ஷனை அழைக்கிறோம். அது தன் வேலையைச் செய்து, விடையைக் கையில் கொடுத்துவிட்டு மறைந்துவிடுகிறது. அடுத்த முறை அழைக்கும்போது அதற்கு நம்மை அடையாளம் தெரியாது. போன தடவை என்ன கேட்டோம், அது என்ன சொன்னது என்ற சுவடு எதுவும் அதனிடம் இருக்காது. உள்ளே உருவான மாறிகளெல்லாம் ஸ்டாக் என்னும் அடுக்கில் ஏறி, வேலை முடிந்ததும் அடுக்கோடு இறங்கிப் போயிருக்கும். நிரல் எழுதுகிறவர்களின் நிம்மதியில் பெரும்பகுதி இந்த மறதியின் மேல்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். கேட்டதற்கு உரியதை மட்டும் தருகிற ஒன்றை நம்பலாம், அதன் முன்கதையை விசாரிக்க வேண்டியதில்லை. ஆனால் சி மொழியில் ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியை அறிவிக்கும்போது முன்னால் ஸ்டாட்டிக் என்று சேர்த்துவிட்டால் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. அந்த மாறி ஸ்டாக்கில் ஏறுவதில்லை. நிரல் ஓடத் தொடங்கியது முதல் முடியும்வரை நினைவகத்தில் ஒரே முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அழைப்புகள் வந்து போகின்றன, அது மட்டும் போன முறை விட்ட இடத்திலேயே இருக்கிறது. இப்படி நினைவு வைத்திருக்கும் ஃபங்ஷன்களைப் பழைய நிரல்களில் எதிர்கொள்ளும்போதெல்லாம் ஒரு சங்கடம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பிழையைக் கண்ட எரிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அங்கே பிழை எதுவும் தென்படாது, நிரல் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கும். இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது என்பதுதான் சங்கடத்தைக் கூட்டுகிறது.

மிக எளிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தான் எத்தனை முறை அழைக்கப்பட்டோம் என்று எண்ணிவைக்கும் ஒரு ஃபங்ஷன். உள்ளே ஒரு ஸ்டாட்டிக் எண், ஒவ்வொரு அழைப்பிலும் அதில் ஒன்று கூடும். எழுத்தில் ஒரே வரி. அந்த வரிக்கு அடியில் மூன்று காரியங்கள் இருக்கின்றன: நினைவகத்திலிருந்து எண்ணை எடுப்பது, ஒன்றைக் கூட்டுவது, திரும்ப வைப்பது. ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரே நிரலுக்குள் பக்கம்பக்கமாக ஓடும் இரண்டு த்ரெட்டுகள் அந்த வரிக்குச் சேர்ந்தாற்போல் வந்தால், முதலாவது 41 என்று எடுக்கும். அது திரும்ப வைப்பதற்குள் இரண்டாவதும் 41 என்றே எடுக்கும். இரண்டுமே 42 என்று வைத்துவிட்டுத் திருப்தியோடு நகர்ந்துவிடும். நடந்தது இரண்டு அழைப்பு, ஏறியது ஒன்று. பாடநூல்கள் இந்த இடத்தில் சட்டென்று, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. எனக்கோ இன்னும் கொஞ்சம் அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது. காணாமல் போன அந்த ஓர் அழைப்புக்குச் சாட்சி எதுவும் இல்லை. 42 என்ற எண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் முகத்தில் வேறுபாடே கிடையாது. உடைந்த பொருளைப் பார்த்தால் உடைந்திருக்கிறது என்று தெரியும், இங்கே உடைந்ததும் முழுசாகவே இருக்கிறது. சி, சி++ இரண்டின் தரநிலைகளும் 2011-இல் த்ரெட்டுகளை முறைப்படி ஏற்றுக்கொண்டபோது இன்னும் கடுமையாகவே சொல்லிவிட்டன: ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு எதுவும் இல்லாமல் இரண்டு த்ரெட்டுகள் ஒரே இடத்தைத் தொட்டு, அவற்றில் ஒன்றாவது எழுதவும் செய்தால், அந்த நிரல் என்ன செய்யும் என்பதற்கு எந்தப் பொறுப்பும் ஏற்க முடியாது. எண்ணிக்கை ஒன்று குறையும் என்ற அளவுக்குக்கூட உறுதி கிடையாது. வேகத்துக்காக வரிகளை முன்பின்னாக நகர்த்தும் கம்பைலருக்கு இரண்டாவது த்ரெட் ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வேண்டியதில்லை. மொழியே அறியாத ஒன்றை வெளியிலிருந்து ஒரு லைப்ரரியாக ஒட்டவைத்துச் சரிக்கட்ட முடியாது என்று கணினி ஆய்வாளர் ஹான்ஸ் போம் 2005-இல் எழுதிய கட்டுரை வாதிட்டது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே உலகம் அப்படித்தான் ஒட்டவைத்து ஓட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஃபங்ஷன்களை எழுதியவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்தெடுத்த பிடிபி-11 கணினியின் முகவரி 16 பிட் அகலம். அதை வைத்துக்கொண்டு எட்டிப் பிடிக்கக்கூடிய நினைவகம் 64 கிலோபைட். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது ஒவ்வொரு ப்ராசஸுக்கும், தனித்தனி நினைவகம், ஒரு ப்ராசஸுக்குள் ஒரே ஓட்டம். பக்கத்து ப்ராசஸ் இந்தப் பக்கம் கை நீட்டுவதில்லை. அந்த வீட்டில் ஒரே ஆள்தான் குடியிருக்கிறார் என்பது உண்மையாகவே இருந்த காலம் அது. நேரத்தை எழுத்தாக மாற்றித் தரும் சிடைம் என்ற ஃபங்ஷன், 26 எழுத்துகள் கொள்ளும் ஓர் இடத்தைத் தனக்குள் ஸ்டாட்டிக்காக வைத்துக்கொண்டு, விடையை அங்கே எழுதி, அந்த இடத்தின் முகவரியைத் திருப்பித் தந்தது. அழைத்தவர் இடம் ஒதுக்கவும் வேண்டாம், முடிந்தபின் விடுவிக்கவும் வேண்டாம். சிக்கனமான, அன்புள்ள ஏற்பாடு என்றே இதை நான் படிக்கிறேன். ஆனால் த்ரெட் என்ற பேச்சே இல்லாத இடத்தில்கூட அந்த அன்பு சறுக்குவதைக் காட்ட முடியும். ஒரே பிரிண்ட் வரியில் இரண்டு வெவ்வேறு நேரங்களை சிடைம் மூலம் மாற்றி அச்சிடச் சொன்னால் இரண்டு இடத்திலும் ஒரே நேரம்தான் விழும். இரண்டு அழைப்பும் ஒரே இடத்தில் எழுதின, இரண்டு விடையும் ஒரே முகவரி, பிந்தி எழுதப்பட்டது முந்தியதை அழித்துவிட்டது. இந்தச் சின்ன உதாரணத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பற்று உண்டு. ஆபத்து இன்னொரு த்ரெட்டிலிருந்துதான் வருகிறது என்ற எண்ணத்தை இது கலைத்துவிடுகிறது. இரண்டாவது ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அதே வரியில் சற்றுத் தள்ளி நிற்கும் நானே அந்த இரண்டாவது ஆள்.

சொற்றொடரைத் துண்டுதுண்டாகப் பிரித்துத் தரும் எஸ்டிஆர்டோக் இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். முதல் அழைப்பில் முழு வாக்கியத்தையும் அதனிடம் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த அழைப்புகளில் ஒன்றும் கொடுக்காமல் வெற்று முகவரியை நீட்டினால் போதும், எங்கே விட்டது என்று அதற்கே தெரியும். விட்ட இடத்தைத் தன் ஸ்டாட்டிக் மாறியில் குறித்து வைத்திருக்கும். படிப்பகம் முழுமைக்கும் ஒரே ஒரு பக்க அடையாள நாடா இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இதன் கதி புரியும். நான் ஒரு புத்தகத்தில் நாடாவை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் வேறொருவர் தன் புத்தகத்தைத் திறந்து அதே நாடாவை உருவி அதில் வைத்துக்கொள்கிறார். நான் திரும்ப வந்து நாடா இருக்கும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறேன், அவருடைய புத்தகத்தை. மைக்ரோசாஃப்டின் சி லைப்ரரி இதற்கு ஒரு நிவாரணம் செய்தது: த்ரெட்டுக்கு ஒரு நாடா. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அந்த மாறியின் தனிப் பிரதி. ஆனால் ஒரே த்ரெட்டுக்குள், வரிகளாகப் பிரிக்கும் ஒரு சுற்றுக்கு உள்ளே ஒவ்வொரு வரியையும் சொற்களாகப் பிரிக்கும் இன்னொரு சுற்றை எழுதினால், உள்சுற்று நாடாவை எடுத்துக்கொண்டுவிடும். வெளிச்சுற்று முதல் வரியோடு முடிந்துபோகும். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுத் தரநிலை வகுக்கும் போசிக்ஸ் குழு 1995-இல் த்ரெட்டுகளுக்கான தரநிலையை வெளியிட்டபோது வேறு வழியில் போனது. எஸ்டிஆர்டோக் ஆர் என்ற புதிய வடிவத்தில் மூன்றாவதாக ஓர் அளபுரு சேர்ந்தது. விட்ட இடத்தைக் குறித்துவைக்கும் பொறுப்பு அழைப்பவரின் கைக்கு வந்தது. பார்க்க அழகில்லை, ஒவ்வொரு அழைப்பிலும் அந்த மூன்றாவதைச் சுமக்க வேண்டும். ஆனாலும் அந்தச் சுமையில்தான் உண்மை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நினைவு இருந்தது, ஆனால் அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அந்தக் கேள்வி அழைக்கும் வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிடைம், லோக்கல்டைம், ராண்ட் ஆகியவற்றுக்கும் அதே காலத்தில் அதே வால் முளைத்தது. பழையவை அகற்றப்படவில்லை. இன்றும் இரண்டு வடிவங்களும் ஒரே கையேட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன, பெயர் குட்டையாக இருப்பதால் பழையதே முதலில் கைக்கு வருகிறது.

சி மொழிக்கு முன்பே இந்தக் குழப்பம் தொடங்கிவிட்டது. 1960-இல் வெளியான அல்கால் 60 அறிக்கையில் ஓன் என்ற ஒரு வகை மாறி உண்டு. பிளாக்கை விட்டு வெளியேறித் திரும்ப வந்தாலும் மதிப்பை இழக்காதது. அதற்குத் தொடக்க மதிப்பு கொடுக்க அறிக்கையில் வழி வைக்கப்படவில்லை. முதன்முறை உள்ளே வரும்போது அதில் என்ன இருக்கும்? அதைவிடக் கடினமான கேள்வி, ஒரு ப்ரொசீஜர் தன்னைத்தானே அழைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வெளி அழைப்புக்கும் உள் அழைப்புக்கும் ஒரே ஓன் மாறியா, தனித்தனியா? அறிக்கை தெளிவாகச் சொல்லவில்லை. 1967-இல் கணினி அறிஞர் டொனால்ட் நூத், அல்கால் 60-இல் தீராமல் எஞ்சியிருக்கும் இடர்களைத் தொகுத்து எழுதியபோது அவற்றுள் ஓன் மாறிகளும் இருந்தன. இன்று த்ரெட்டுகளை முன்னிட்டு நாம் கேட்கும் கேள்வி அன்றைக்கு ரிகர்ஷனை முன்னிட்டுக் கேட்கப்பட்டிருக்கிறது. ஒரே ஃபங்ஷன் முடியும் முன்பே மறுபடி தொடங்கும் எந்தச் சந்தர்ப்பத்திலும், அது ரிகர்ஷனோ, நடுவில் குறுக்கிடும் சிக்னலோ, இன்னொரு த்ரெட்டோ, அந்தக் கேள்வி எழுந்துவிடும். ஃபோர்ட்ரானில் நடந்ததோ இன்னும் விசித்திரம். ஃபோர்ட்ரான் 90-இல் சப்ரூட்டீனுக்குள் ஒரு மாறியை அறிவிக்கும் வரியிலேயே பூஜ்யம் என்று தொடக்க மதிப்பும் கொடுத்துவிட்டால், சேவ் என்ற பண்பு கேட்காமலே அதற்கு வந்துவிடும். எழுதியவர் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று நினைத்திருப்பார். மாறியோ போன அழைப்பின் கூட்டுத்தொகையோடு காத்திருக்கும். சேவ் பெற்ற மாறி, ஓப்பன்எம்பி கொண்டு வேலையைப் பல த்ரெட்டுகளுக்குப் பங்கிடும்போது எல்லா த்ரெட்டுகளுக்கும் பொதுவாகிவிடும். சி நிரலாளர் தெரிந்தே நினைவைக் கேட்டார். இவர் கேட்கவே இல்லை. கேட்காத நினைவு, சொல்லாமல் பொதுவாகிவிட்ட நினைவு. கணக்கிட்டு முடித்த ஒரு பெரிய அட்டவணையின் நடுவில் அது ஒரு எண்ணாக மட்டும் தெரியும். அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டுமானால் சரியான விடை என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அது தெரிந்திருந்தால் கணினியிடமே போயிருக்க மாட்டோம்.

த்ரெட்டுக்கு ஒரு பிரதி என்ற நிவாரணத்தைப் பற்றி என்னால் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. அது நன்றாக வேலை செய்த இடம் ஒன்று உண்டு. ஓர் அழைப்பு தோற்றால் காரணத்தைச் சொல்லும் எர்நோ என்பது தொடக்கத்தில் நிரல் முழுமைக்கும் பொதுவான ஒரே எண். த்ரெட்டுகள் வந்தபின் ஒருவரின் தோல்விக்கான காரணத்தை இன்னொருவரின் தோல்வி அழித்துவிடும் நிலை. இலட்சக்கணக்கான வரிகளில் எர்நோ என்ற பெயர் ஊறியிருந்தது, அதை மாற்ற வழியில்லை. ஆகவே பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் இருப்பதை மாற்றினார்கள். இன்று லினக்ஸில் எர்நோ என்று எழுதினால், அது ஒரு மேக்ரோவாக விரிந்து, ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் சொந்த எண் எங்கே இருக்கிறது என்று ஒரு ஃபங்ஷனைக் கேட்டு அங்கே போய்ப் படிக்கிறது. பழைய நிரல்கள் பெரும்பாலும் ஓர் எழுத்தும் மாறாமல் பிழைத்துக்கொண்டன. இதைச் செய்தவர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் இதே மருந்தை அழைப்புகளை எண்ணும் அந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்கை மட்டும் எண்ணும், மொத்தம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போகும். தற்செயல் எண்களைத் தரும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், எல்லாப் பிரதிகளும் ஒரே விதையிலிருந்து தொடங்கும்பட்சத்தில் எட்டு த்ரெட்டுகளும் ஒரே வரிசையைத்தான் கக்கும். தற்செயல் என்று நம்பி நடத்திய சோதனையில் எட்டு பேர் ஒரே பகடையை உருட்டியிருப்பார்கள். மோதல் தீர்ந்துவிடுகிறது, அர்த்தம் போய்விடுகிறது. டி மொழியில் ஸ்டாட்டிக் மாறி என்றாலே த்ரெட்டுக்கு ஒன்று என்பதுதான் வழக்கம், பொதுவாக வேண்டும் என்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும். அது துணிவான முடிவு, பெரும்பாலும் சரியான முடிவும்கூட. என்றாலும் இந்த நினைவு எண்ணிக்கையா, அடையாள நாடாவா, விதையா, சேமித்த விடையா என்பது எந்த மொழிக்கும் தெரியாது. அது எழுதியவரின் மனதில் மட்டுமே இருந்தது. அவர் வேலை மாறிப் போயிருப்பார்.

சி++ 2011-இல் செய்த ஏற்பாட்டைப் படித்தபோது முதலில் ஆறுதலாக இருந்தது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் பொருள், ஓட்டம் முதன்முதலில் அந்த வரியைக் கடக்கும்போதுதான் உருவாகிறது. 2011-க்கு முன்பு இரண்டு த்ரெட்டுகள் ஒன்றாக அங்கே வந்தால் பொருள் இரண்டு முறை உருவாகலாம், அரைகுறையாக உருவானதை இன்னொருவர் பயன்படுத்தத் தொடங்கலாம். இதைத் தவிர்க்க, இருமுறை சரிபார்த்துப் பூட்டும் ஓர் உத்தியை ஒரு தலைமுறையே பயன்படுத்தியது. பார்வைக்குக் கச்சிதமாக இருந்த அந்த உத்தி அன்றைய சி++-இல் நம்பத்தக்கதே இல்லை என்று 2004-இல் ஸ்காட் மேயர்ஸும் ஆண்ட்ரே அலெக்ஸாண்ட்ரெஸ்குவும் விளக்கி எழுதினார்கள். 2011 தரநிலை அந்தச் சுமையை மொழியே ஏற்றுக்கொள்ளும் என்றது: ஒரு த்ரெட் உருவாக்கிக்கொண்டிருந்தால் மற்றவை காத்திருக்கும். ஜிசிசி கம்பைலர் இதற்கும் முன்பிருந்தே அப்படிச் செய்துவந்தது. மாறிக்குப் பக்கத்தில் ஒரு காவல் கொடியை வைத்து, நுழையும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டுப் போகும். கம்பைலர் வெளியிடும் அசெம்பிளியில் அந்தச் சில வரிகளைப் பார்க்கும்போது, நாம் எழுதாத ஒரு ஜாக்கிரதையை வேறு யாரோ நமக்காக எழுதிவைத்திருப்பது தெரியும். அந்த ஜாக்கிரதையின் எல்லைதான் என்னை உறுத்துகிறது. மொழி காப்பது பிறப்பை மட்டுமே. பிறந்த பொருளை இரண்டு த்ரெட்டுகள் சேர்ந்து திருத்தினால் அது நிரலாளரின் பாடு. ஒரு ஸ்டாட்டிக்கின் பிறப்பு தன் ஃபங்ஷனையே திரும்ப அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரையறையே இல்லை. இரண்டு ஃபங்ஷன்களின் ஸ்டாட்டிக்குகள் பிறக்கும்போது ஒன்றையொன்று அழைத்து, இரண்டு த்ரெட்டுகள் இரு முனைகளிலிருந்தும் தொடங்கினால், ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு அப்படியே உறைந்துவிடலாம். நிரல் முடியும்போது இந்தப் பொருட்கள் வரிசையாக அழிக்கப்படுகின்றன. அந்நேரம் பின்னணியில் ஒரு த்ரெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அழிந்த பொருளின்மேல் கை வைக்கும். இறப்புக்கும் காவல் இல்லை. ஆனால் இது பாதுகாப்பானது என்ற பெயர் பரவிவிட்டது, பெயர் கேட்டவர்கள் எல்லைவரை படிப்பதில்லை.

சோதித்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்பவர்களுக்கு என்னால் கணினி அறிஞர் எட்வர்ட் லீயின் கட்டுரையைத்தான் நீட்ட முடியும். பெர்க்லியில் டாலமி II என்ற மென்பொருளின் கருப்பகுதியை அவருடைய குழு 2000-ஆம் ஆண்டு வாக்கில் எழுதத் தொடங்கியது. த்ரெட்டுகள் தொடும் மையப் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு எழுதினார்கள். வடிவமைப்பைப் பலர் சேர்ந்து பரிசீலித்தார்கள், நிரலைப் பலர் வரிவரியாகப் படித்தார்கள். நிரலின் ஒவ்வொரு வரியையும் தொடும் சோதனைகள் இரவுதோறும் இரட்டைப் ப்ராசஸர் கணினியில் ஓடின. நான்கு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. 2004 ஏப்ரல் 26 அன்று அது உறைந்து நின்றது. இரண்டு ஆண்டு கழித்து த்ரெட்டுகளின் சிக்கல் குறித்து எழுதிய கட்டுரையில் லீ இதைப் பதிவுசெய்திருக்கிறார். அங்கே குற்றவாளி லாக் இல்லாமை கூடக் கிடையாது, லாக்குகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றதுதான். இதைப் படித்த பிறகு, பல ஆண்டுகள் சரியாக ஓடியது என்ற சொற்களை நான் முன்போல் கேட்பதில்லை. ஓடிய ஒவ்வொரு நாளும் அந்த வரிசை அமையாமல் போன ஒரு நாள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இந்தப் பிழைகளைத் தேடிப் போனவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும்: என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு பிரிண்ட் வரி சேர்த்ததும் பிழை போய்விடும். அச்சிடும் வேலை எடுத்துக்கொள்ளும் நேரமும் அதற்குள் இருக்கும் லாக்கும் த்ரெட்டுகளை வேறு தாளத்தில் நடக்கச் செய்துவிடும். வரியை நீக்கினால் திரும்ப வரும், அல்லது இரண்டு வாரம் வராது. நள்ளிரவுக்கு மேல், மின்விசிறி சூடான காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும் அறையில், வெறும் பதிவுக் கோப்புகள் திரையில் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு, பிழை வராத அந்த நேரம் எவ்வளவு கனமானது என்று தெரியும். இத்தகைய மோதல்களைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசர் போன்ற கருவிகள் பேருதவி செய்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓட்டம் போன பாதையில் இருந்ததை மட்டுமே அவை பார்க்கும். 2005-இல் பென்டியம் டி-யும் ஆத்லான் 64 எக்ஸ்2-வும் வந்து சாதாரண மேசைக் கணினிகளுக்குள்ளும் இரண்டு மையங்கள் புகுந்தபோது, அதுவரை ஒரே மையத்தில் மாறிமாறி ஓடியதால் அபூர்வமாகவே மோதிக்கொண்ட த்ரெட்டுகள் உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடத் தொடங்கின. நிரலில் ஓர் எழுத்து மாறவில்லை. அதைச் சரியாக வைத்திருந்தது எது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

அப்படியானால் ஃபங்ஷன்கள் எதையும் நினைவு வைத்துக்கொள்ளக் கூடாதா? இந்தத் தூய்மைவாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நினைவகத்தை ஒதுக்கித் தரும் மலாக்கே எது காலி, எது நிறைந்தது என்று நினைவு வைத்தாக வேண்டும். ஒருமுறை கணக்கிட்ட விடையைச் சேமித்துவைத்து மறுமுறை உடனே எடுத்துத் தருவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. எங்கோ யாரோ நினைவு வைத்திருப்பதால்தான் எதுவுமே நடக்கிறது. 1967-இல் நார்வேயில் ஓலே யோஹன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67, நினைவை ஃபங்ஷனிடமிருந்து எடுத்து ஆப்ஜெக்டிடம் கொடுத்தது. ஆப்ஜெக்டுகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தன் நினைவு. ஸ்கீம் மொழியின் குளோஷர்களும் அதையே வேறு விதமாகச் செய்தன. எண்ணும் ஃபங்ஷன் ஒன்றுக்குப் பதில், எண்ணும் ஃபங்ஷன்களைப் பிறப்பிக்கும் ஒரு ஃபங்ஷன். இவற்றையும் இரண்டு த்ரெட்டுகளிடம் சேர்த்துக் கொடுத்தால் பழைய மோதல்தான். ஆனால் கொடுத்தது யார், யாரிடம், என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலாக நிரலில் இருக்கும். ரஸ்ட் இதை இன்னும் இறுக்கியது. அங்கே ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் வைக்கலாம். த்ரெட்டுகள் பகிர்ந்துகொள்ளத் தக்க வகையாக அது இல்லையென்றால் கம்பைலர் மறுத்துவிடும். கட்டற்று மாற்றக்கூடிய ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் அதைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் அன்சேஃப் என்று எழுத வேண்டும். இந்தக் கண்டிப்பு பலருக்குத் தொல்லையாக இருக்கிறது. எனக்கு அது மரியாதையாகத் தோன்றுகிறது, இனிமேல் இந்த நிரலைப் படிக்கப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்குக் காட்டும் மரியாதை.

அதுவும் முழுத் தீர்வு ஆகிவிடவில்லை. ஒரு த்ரெட், ஓர் ஓட்டம் என்ற சமன்பாடே இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. ஒரே த்ரெட்டில் ஆயிரக்கணக்கான கோரூட்டீன்கள் ஒன்று காத்திருக்கும் நேரத்தில் மற்றொன்றாக மாறிமாறி ஓடுகின்றன. த்ரெட்டுக்கு ஒன்று என்று ஒதுக்கிய நினைவு அவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாகிப் போகிறது. ஒரு பயனருடைய கோரிக்கையின் நடுவில் இன்னொரு பயனருடைய பெயர் எட்டிப் பார்க்கலாம். பைத்தான் 2018-இல் தன் 3.7 பதிப்பில் காண்டெக்ஸ்ட் வார்ஸ் என்று ஒன்றைச் சேர்த்தது இதற்காகத்தான். ஓட்டம் எந்த வேலையைச் சேர்ந்ததோ அந்த வேலையோடு நினைவும் கூடப் போகும். முதலில் ப்ராசஸுக்கு ஒன்று, பிறகு த்ரெட்டுக்கு ஒன்று, இப்போது டாஸ்குக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் இதற்கு மேல் பிரிக்க முடியாத ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறோம், அந்த ஆளுக்குள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது.

பைத்தானில் இந்தக் கதை இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது. ஜில் என்று அழைக்கப்படும் ஒரே பெரிய லாக், எந்த நேரத்திலும் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் நிரலை ஓட்ட அனுமதித்துவந்தது. அதன் நிழலில் முப்பது ஆண்டுகளாகச் சி மொழியில் எழுதப்பட்ட நீட்சிகள் ஏராளம். அவற்றுக்குள் ஸ்டாட்டிக் மாறிகள் தாராளமாக உண்டு: ஒருமுறை தேடியெடுத்த பொருளைச் சேமித்துவைத்தவை, முதல் அழைப்பா என்று பார்க்கும் கொடிகள், கணக்கு இடங்கள். ஜில் இருக்கும்வரை அவற்றுக்கு வேறு காவல் வேண்டியிருக்கவில்லை, எழுதியவர்களும் அதை நம்பியே எழுதினார்கள். பைத்தான் மொழிக்குள்ளே ஒரு மாறியில் ஒன்றைக் கூட்டும் வரி இடையில் வெட்டுப்படாது என்று மொழி வாக்குக் கொடுத்ததே இல்லை, ஆனாலும் பலர் ஜில்லை நம்பி அப்படி நினைத்திருந்தார்கள். நிரலாளர் சாம் கிராஸ் முன்வைத்த திட்டத்தை ஏற்று, 2024 அக்டோபரில் வெளியான 3.13 பதிப்பில் ஜில் இல்லாத ஒரு வடிவம் பரிசோதனையாக வந்தது. அதில் ஒரு நீட்சியை இறக்குமதி செய்யும்போது, தனக்கு ஜில் தேவையில்லை என்று அது வெளிப்படையாக அறிவித்திருக்கிறதா என்று இன்டர்பிரட்டர் பார்க்கும். அறிவித்திருக்காவிட்டால் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, அந்த ஒரு நீட்சிக்காக நிரல் முழுமைக்கும் ஜில்லைத் திரும்பப் போட்டுவிடும். இதைவிட நிதானமான முடிவை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. அந்த அறிவிப்போ, நீட்சியின் மூலநிரலில் ஒரே ஒரு வரி. அதைச் சேர்ப்பதற்கு முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்டாட்டிக்கையும் எடுத்து, இது யாருடைய நினைவு, எத்தனை பேர் ஒரே கணத்தில் இங்கே வரக்கூடும், வந்தால் என்ன ஆகும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசித்தார்களா என்று இன்டர்பிரட்டரால் சரிபார்க்க முடியாது. வரி இருந்தால் அது நம்பி லாக் இல்லாமல் ஓடத் தொடங்கும். பல நீட்சிகளைப் பராமரிப்பவர்கள் ஊதியமில்லாமல் மாலை நேரங்களில் வேலை செய்பவர்கள். பயனர்கள் அந்த வரியை எப்போது சேர்க்கப்போகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.